மிச்சம் இருக்கும் கவனம்

ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வலுத்திருக்கும்போது மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் கடல் பக்கத்திலிருந்துதான் வரும். அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் பக்கமாகக் கரையைத் தாண்டி, மேற்கு நோக்கி இறங்கிக்கொண்டே போகும். முகத்துவாரத்தில் உயரம் ஏறத்தாழ 1,500 அடி. கோட்டூர்புரம், அண்ணா பல்கலைக்கழகம் பக்கம் வரும்போது சுமார் 1,000 அடி. அங்கிருந்து ஓடுபாதை ஒன்றரை நிமிடத் தூரம்கூட இல்லை.

அந்த ஆயிரம் அடியில் ஒரு கணக்கு முடிக்கப்பட வேண்டும். வேகம் சரியாக இருக்கிறதா, சக்கரங்கள் இறங்கிவிட்டனவா, இறக்கையின் ஃபிளாப்புகள் உரிய அளவில் இருக்கின்றனவா, ஓடுபாதையின் நேர்கோட்டில் இருக்கிறோமா, இறங்கும் விகிதம் அதிகமில்லையே. இவற்றில் ஒன்று தவறினாலும் இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் விதி. விமானிகள் இதற்கு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 3 பாகைச் சரிவில் இறங்கினால் ஒவ்வொரு கடல் மைலுக்கும் சுமார் 300 அடி குறைய வேண்டும். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று வந்துவிடும்: 140 நாட் வேகம் என்றால் 700 அடி. இதற்கு நடுவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் ரேடியோவில் காற்றின் திசையையும் வேகத்தையும் சொல்லும். இறங்க அனுமதி தரும். அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கடற்காற்று கிளம்பும் நேரமாக இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு முன்பு கேட்ட காற்று இப்போது இருக்காது.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் கஷ்டமில்லை. 140-ஐ ஐந்தால் பெருக்குவது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஒரு முள்ளைப் பார்த்து எண் சொல்வது, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வது, கையால் ஒரு கம்பியை லேசாகச் சாய்ப்பது எல்லாமே யாராலும் முடியும். அத்தனையும் ஒரே சமயத்தில், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காமல் நடக்க வேண்டும் என்பதில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். விமானப் பயிற்சிக்கு ஆள் எடுக்க நடத்தப்படும் திறனறித் தேர்வுகள், கடந்த நூறு ஆண்டுகளாக, இந்த ஓரிரு நிமிடங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஓர் அறைக்குள் வைத்து அளக்கப் பார்க்கின்றன.

முதலில் அப்படி எந்தத் தேர்வும் கிடையாது. 1910-இல் சென்னைத் தீவுத்திடலில் விமானம் ஏற்றிக் காட்டிய டாஞ்செலிஸ், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். ஆசை, கொஞ்சம் பணம், கொஞ்சம் துணிச்சல்: அவ்வளவுதான் தகுதி. மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் 1930 வாக்கில் தொடங்கிய பிறகும் தேர்வு என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநரின் கண்தான். அந்த கிளப்பில் தலைமைப் பயிற்றுநராக இருந்த கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1951-இல் மதராஸ் அரசுக்காக வாங்கிய ஒரு டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். 1959-இல் தெருநாய்களுக்காக ப்ளூ கிராஸைத் தொடங்கியவர்களும் இந்தத் தம்பதிதான். சென்னைக்காரர்கள் பலருக்கு அவர்களை அப்படித்தான் தெரியும். உஷா சுந்தரத்தை யாரும் கணினி முன் உட்கார வைத்துச் சிவப்பு விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்தச் சொல்லவில்லை.

பயிற்றுநரின் கண் நல்ல கருவிதான். ஆனால் செலவு அதிகம். ஒருவருக்கு வராது என்று அந்தக் கண்ணுக்குத் தெரிவதற்குள் பல மணி நேர எரிபொருளும், சில சமயம் விமானமும், சில சமயம் ஆட்களும் போய்விடுவார்கள். ஆயிரக்கணக்கில் விமானிகள் தேவைப்பட்டபோது, அதாவது போர் வந்தபோது, இந்தக் கணக்கு கட்டுப்படியாகவில்லை.

முதல் உலகப் போரில் செய்து பார்த்ததெல்லாம் இன்று படிக்கச் சிரிப்பாக இருக்கும். பிரான்சில் ஒருவரை உட்கார வைத்து, எதிர்பாராத நேரத்தில் பின்னால் துப்பாக்கி வெடித்து, அவர் கை எவ்வளவு நடுங்குகிறது, மூச்சு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்தார்கள். நிதானமானவரே விமானி ஆவார் என்ற நம்பிக்கை. அளவீடு நேர்த்தி, ஊகம்தான் தப்பு. வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடுவதற்கும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கும் பெரிய உறவில்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவில் ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் வேறு வழியில் போனார். எது முக்கியம் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல், இருபதுக்கும் மேற்பட்ட சிறு தேர்வுகளைக் கொடுத்து, பயிற்சியில் யார் தேறினார், யார் விலக்கப்பட்டார் என்பதோடு ஒப்பிட்டு, உதவுகிறதை வைத்துக்கொண்டு உதவாததைத் தூக்கிப் போட்டார். எல்லாவற்றையும் சேர்த்து 1 முதல் 9 வரை ஒரே மதிப்பெண். ஒரு லட்சத்து 85 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளிலிருந்து வந்த கணக்கு இது: 9 வாங்கியவர்களில் தொடக்கப் பயிற்சியில் விலக்கப்பட்டோர் 4 சதவீதம், 5 வாங்கியவர்களில் 30 சதவீதம், 1 வாங்கியவர்களில் 77 சதவீதம். நடுவில் எங்கும் தடுமாறாமல் படிப்படியாக ஏறும் வரிசை. மனித மனதை அளக்கும் துறையில் இவ்வளவு ஒழுங்கான வரிசை அபூர்வம்.

அதே வரிசையின் கடைசி எண்ணைத் திருப்பிப் பார்க்கலாம். மிக மோசமாகச் செய்தவர்களிலும் 100-க்கு 23 பேர் அந்தப் பயிற்சியைத் தாண்டியிருக்கிறார்கள். அந்த 23 பேர் யார் என்று தேர்வு சொல்லாது. அதற்குத் தெரியாது. கூட்டத்தைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் சரி. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அதனிடம் இருப்பது ஒரு சாத்தியக்கூறு மட்டும்தான். விதிவிலக்கான 23 பேரைத் தேடிப் பிடிக்க 77 பேருக்குப் பயிற்சிச் செலவு செய்ய எந்த விமானப் படையும் தயாரில்லை. அதனால் கோடு போடுகிறார்கள்.

போருக்கு நடுவில் ஃபிளானகனின் குழு ஒரு துணிச்சலான காரியமும் செய்தது. 1943-இல் ஒரு தொகுதி இளைஞர்களைத் தேர்வு எழுத வைத்து, மதிப்பெண்ணைப் பார்க்காமலே எல்லோரையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1,036 பேர். மொத்த மதிப்பெண்ணுக்கும் பயிற்சியின் முடிவுக்கும் இருந்த ஒட்டுறவு 0.64. பூச்சியம் என்றால் உறவே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம் என்ற அளவுகோலில் இது மிகப் பெரிய எண். பிறகு, போரின் முடிவில் நடைமுறையில் இருந்த கெடுபிடியான வரம்பின்படி பார்த்தால் இவர்களில் 136 பேரே தேறியிருப்பார்கள் என்று அவர்களை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அதே தேர்வு, அதே பயிற்சி. ஒட்டுறவு 0.18-க்கு இறங்கிவிட்டது. கைப்பிடியையும் கால் பெடலையும் விளக்குகளுக்கு ஏற்ப இயக்கும் ஒருங்கிணைப்புத் தேர்வு, எல்லோருக்குமாகப் பார்த்தபோது 0.40, இந்த 136 பேருக்குள் பூச்சியத்துக்குக் கீழே.

உளவியலாளர் ராபர்ட் தார்ன்டைக் 1949-இல் இந்த அட்டவணையை வெளியிட்டதிலிருந்து ஆள்தேர்வு பற்றிய பாடம் இதைத் தொடாமல் நகர்வதில்லை. ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் போய், நுழைவுத் தேர்வில் வாங்கிய இடத்துக்கும் இப்போது வாங்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் தேடினால் பெரிதாக எதுவும் அகப்படாது. சம்பந்தத்தைக் காட்டக்கூடிய குறைந்த மதிப்பெண்காரர்கள் எல்லாம் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான். விமானப் பயிற்சியில் சேர்ந்தவர்கள், “அந்தத் தேர்வில் நான் சுமார்தான், ஆனால் நன்றாக ஓட்டுகிறேனே, அதெல்லாம் சும்மா” என்று சொல்லும்போது பொய் சொல்வதில்லை. சல்லடையைத் தாண்டி வந்தவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

இந்தியாவுக்கு இந்தத் தேர்வுமுறை பிரிட்டிஷ் விமானப் படையின் வழியாக வந்து சேர்ந்தது. தேர்வுக்குப் போய்வந்தவர்கள் இன்றும் பி.ஏ.பி.டி. (பைலட் ஆப்டிட்யூட் பேட்டரி டெஸ்ட்) என்றே சொல்வார்கள். அதில் மூன்று பகுதிகள் இருந்தன. முதலாவது கருவிகளைப் பற்றிய எழுத்துத் தேர்வு: உயரமானி, வேகமானி, திசைகாட்டி, செயற்கை அடிவானம் ஆகியவற்றை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, முள்ளின் நிலையைக் காட்டி, விமானம் இப்போது எப்படிப் பறக்கிறது என்று கேட்பார்கள். இரண்டாவது எஸ்.எம்.ஏ.: திரையில் நிலைகொள்ளாமல் அலையும் ஓர் ஒளிப்புள்ளியைக் கைப்பிடியாலும் கால் பெடலாலும் நடுச் சதுரத்துக்குள் வைத்திருக்க வேண்டும்; கூடவே அவ்வப்போது எரியும் விளக்குகளையும் ஒலிக்கும் மணியையும் அணைக்க வேண்டும். மூன்றாவது சி.வி.டி.: நகர்ந்துகொண்டே வரும் பாதையில் உள்ள புள்ளிகளைக் கைப்பிடியை நகர்த்தித் தொட வேண்டும்.

இதற்கு ஒரு விதி உண்டு. விமானி பிரிவுக்கான இந்தத் தேர்வை ஆயுளில் ஒரு முறைதான் எழுத முடியும். தவறினால் விமானப் படையின் தரைப் பணிகளுக்கு முயலலாம், மறுபடி இந்தக் கதவைத் தட்ட முடியாது. பிளஸ் டூ முடித்து தேசியப் பாதுகாப்பு அகாதெமி (என்.டி.ஏ.) வழியாகப் போகும் பதினேழு வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் இது கொடூரமாகப் படலாம். ஆனால் காரணம் இருக்கிறது. ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதினால் மதிப்பெண் கூடும் என்பது உளவியலில் மிக உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று. ஹவுஸ்க்னெக்ட் குழுவினர் 2007-இல் 50 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மறுமுறை எழுதியவர்களுக்குச் சராசரியாகக் கால் பங்கு திட்ட விலக்கம் அளவுக்கு மதிப்பெண் கூடியிருந்தது. அதே வினாத்தாளே மறுபடி வந்தால் இன்னும் அதிகம். அப்படிக் கூடிய மதிப்பெண்ணில் எவ்வளவு திறமை, எவ்வளவு பழக்கம் என்று பிரிக்க முடியாது. எல்லோரையும் பழக்கமில்லாத நிலையில் அளப்பதுதான் நியாயம் என்பது படையின் வாதம். வீட்டில் ஜாய்ஸ்டிக் வாங்கிக் கொடுக்க வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை பழக்கத்தோடுதான் வருகிறது என்பதை அந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை.

1958-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்த ஒரு ராமேசுவரத்து இளைஞர் டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குழு முன் போய் நின்றார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இருந்த இடங்கள் எட்டு. அப்துல் கலாம் தன் வரலாற்று நூலில் இதை மறைக்காமல் சொல்கிறார். அங்கே அறிவைவிட ஆளுமைக்கே அழுத்தம் தந்தார்கள் என்பது அவர் கணிப்பு. எட்டாவது ஆளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் எவ்வளவோ, அது அந்தத் தேர்வின் பிழை வரம்புக்குள் அடங்கியிருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். இன்னொரு நாள் வைத்திருந்தால் வரிசை மாறியிருக்கும். இடம் ஒன்பதாக இருந்திருந்தால் கதையே வேறு.

கலாமின் தோல்வியை நம் மேடைகளில் தன்னம்பிக்கைப் பாடமாக மட்டுமே சொல்கிறார்கள். எனக்கு அதன் பிற்பகுதிதான் அதிக சுவாரசியம். பழைய பி.ஏ.பி.டி. இயந்திரங்களுக்குப் பதிலாக வந்த கணினிவழி விமானித் தேர்வுமுறை, அதாவது சி.பி.எஸ்.எஸ்., பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் உளவியல் ஆய்வுக்கூடமும் பெங்களூரில் உள்ள வானூர்தி ஆய்வுக்கூடமும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கான யோசனை கலாமுடையது என்றே பாதுகாப்பு வட்டாரத்தில் சொல்வார்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர், பின்னாளில் அந்த வாசலின் அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

சி.பி.எஸ்.எஸ்.ஸிலும் கைப்பிடியும் பெடலும் உண்டு. ஆனால் புள்ளியைத் துரத்தும்போதே மனக்கணக்கு, எண்களை நினைவில் வைத்தல், திரையின் ஓரத்தில் மாறும் குறிகளைக் கவனித்தல் என்று அறிவுசார்ந்த வேலைகளும் மேலே மேலே வந்து விழும். எல்லோருக்கும் ஒரே அறிவுறுத்தல், ஒரே வேகம். மதிப்பெண்ணைக் கணினியே போடும். டேராடூன், மைசூர், காந்திநகர், வாரணாசி போன்ற விமானப் படைத் தேர்வு மையங்களில் இதை நடத்துகிறார்கள். தேறினாரா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள்? டேனியல் கானமன் பின்னாளில் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர். அதற்கு வெகு காலம் முன்பு, 1971-இல், டேனியல் கோஃபர் என்ற மாணவரோடு சேர்ந்து இஸ்ரேலிய விமானப் படைப் பயிற்சி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். காதில் ஹெட்ஃபோன். வலக் காதில் ஒரு சொல் வரிசை, இடக் காதில் வேறொரு சொல் வரிசை, இரண்டும் ஒரே நேரத்தில். சொற்களுக்கு நடுவில் எண்கள் வரும். எந்தக் காதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒரு மணியோசை சொல்லும். அந்தக் காதில் வரும் எண்ணை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே காதைத் தொடர்ந்து கவனிப்பது பலருக்கும் முடிந்தது. திடீரென்று மணி மாறி மறு காதுக்குத் தாவச் சொன்னதும் சிலர் தடுமாறினார்கள். தாவிய பிறகு வந்த முதல் சில எண்களில் யார் எவ்வளவு தவறினார்கள் என்பதுதான் பறக்கும் பயிற்சியில் யார் தேறுவார் என்பதோடு நன்றாகப் பொருந்தியது.

கவனத்தைக் குவிப்பது ஒன்று. குவித்த இடத்திலிருந்து பிடுங்கி வேறிடத்தில் வைப்பது இன்னொன்று. நம் பள்ளிக்கூடங்கள் முதலாவதை மட்டுமே மெச்சுகின்றன. காக்பிட்டில் ஒரு விளக்கு எரிந்ததும் அதிலேயே மூழ்கி உயரமானியை மறந்துபோன விமானிகளால் நேர்ந்த விபத்துகள் உண்டு. 1972 டிசம்பரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ஆம் எண் விமானம் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்தது அப்படித்தான். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு பல்பு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த எல்லோரும் அதிலேயே முனைந்திருந்தபோது, தானியங்கி உயரக் கட்டுப்பாடு விலகியதை யாரும் பார்க்கவில்லை.

மனிதரின் கவனத்துக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. விமானத்தை நேராக வைத்திருப்பதற்கே அதில் முழுதும் செலவாகிவிட்டால் ரேடியோவுக்கு மிச்சம் இருக்காது. பயிற்றுநர்கள் தேடுவது இந்த மிச்சத்தைத்தான். எஸ்.எம்.ஏ.யில் எரியும் விளக்குகள் ஒருவருடைய அனிச்சை வேகத்தை அளக்க வைத்தவை போலத் தோன்றும். உண்மையில் புள்ளியைத் துரத்தியது போக அவரிடம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க வைத்தவை. இது தெரிந்தால் தேர்வறையில் ஒரு பொதுவான தப்பைத் தவிர்க்கலாம். புள்ளியை மையத்திலேயே கச்சிதமாக நிறுத்திவிட்டு விளக்குகளைக் கோட்டை விடுபவர், தான் சிறப்பாகச் செய்ததாக நினைத்துக்கொண்டு வெளியே வருவார்.

அந்தப் புள்ளி ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பதற்கும் இயற்பியல் இருக்கிறது. கணினி மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்பு அதற்கேற்ற தூரம் நகர்ந்து நிற்கும். கை நின்றால் அதுவும் நிற்கும். விமானம் அப்படியல்ல. கைப்பிடியைச் சாய்த்தால் சாயும் வேகம் மாறும். சாய்ந்துகொண்டே போய் ஒரு கோணம் வரும். அந்தக் கோணத்தால் திரும்பும் வேகம் பிறக்கும். அதன் விளைவாகத் திசை மாறும். கைக்கும் திசைக்கும் நடுவில் இத்தனை படிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தாமதம். புதியவர் விளைவு தெரியவில்லையே என்று இன்னும் சாய்ப்பார், தெரியும்போது அளவுக்கு மீறிப் போயிருக்கும், மறுபக்கம் இழுப்பார், அதுவும் மீறும். ஊசல் ஆரம்பித்துவிடும். தேர்ந்த விமானிகளுக்கே இது நேர்வதுண்டு. சிறிதாக அசைத்து, காத்திருந்து, புள்ளி மையத்தை எட்டுவதற்கு முன்பே கையைத் தளர்த்துபவர்தான் அதை அடக்குகிறார். துரத்துபவருக்கு அது அடங்காது.

கருவிகளைப் படிக்கும் பகுதி வேறு வகை. செயற்கை அடிவானமும் திசைகாட்டியும் காட்டுவதை மனதுக்குள் ஒரு விமானமாக மாற்றி, அது வடகிழக்கே திரும்பி இடப்பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று சொல்ல வேண்டும். இதற்கு அடிப்படையான மனச் சுழற்சியை ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971-இல் அளந்தார்கள். கனசதுரங்களை ஒட்டிச் செய்த உருவங்களின் இரண்டு படங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது வருமா? திருப்ப வேண்டிய கோணம் கூடக் கூட, பதிலுக்கான நேரமும் நேர்கோட்டில் கூடியது. மனம் நொடிக்கு ஏறக்குறைய 60 பாகை வீதம் அந்த உருவத்தை உண்மையாகவே சுழற்றுகிறது போல. 1943-இன் அந்த 136 பேருக்குள்ளும் ஓரளவு தாக்குப்பிடித்தது கருவி புரிதல் தேர்வுதான்: 0.45-இலிருந்து 0.27-க்கு மட்டுமே இறங்கியது.

இனி எல்லோரும் கேட்பது: இதற்குத் தயாராக முடியுமா?

முடியும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இல்லை. மனச் சுழற்சி போன்ற இடஞ்சார் திறன் பயிற்சியால் கூடும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. டேவிட் உட்டால் குழுவினர் 2013-இல் 217 ஆய்வுகளைத் தொகுத்தபோது சராசரியாக ஏறக்குறைய அரைத் திட்ட விலக்கம் அளவு முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சி நின்ற பிறகும் அது உடனே கரைந்துவிடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் திட உருவங்களை வரைந்து பழகியவர்களின் கை இங்கே ஓங்கியிருக்கும். மனக்கணக்கும் அப்படியே. அது வேகமாக வேண்டும் என்பதைவிட, யோசிக்காமல் வர வேண்டும் என்பதே தேவை. 17-ஆம் வாய்பாடு நாக்கில் இருந்தால் அந்த அளவுக்குக் கவனம் கைப்பிடிக்கு மிஞ்சும். மனப்பாடத்தைக் கேலி செய்வது இப்போது பழக்கமாகிவிட்டது. காக்பிட்டில் அதற்கு மரியாதை உண்டு.

பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வது பற்றி இன்னும் நல்ல செய்தி. அதே கோஃபர், 1994-இல் வெளியிட்ட ஆய்வில், விமானப் பயிற்சி மாணவர்களை ஸ்பேஸ் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டைப் பத்து மணி நேரம் ஆட வைத்தார். ஆடியவர்கள் பிறகு உண்மையான விமானத்தில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் சும்மா ஆடவிடவில்லை. ஒரு சுற்றில் கப்பலை ஓட்டுவதில் மட்டும் கவனம் வை, அடுத்த சுற்றில் வெடிகளைக் கவனி, அதற்கடுத்து எதிரியை என்று அழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஆடியவர்கள் கற்றுக்கொண்டது அந்த விளையாட்டையல்ல. கவனத்தைப் பங்கு போடும் முறையை. வீட்டில் மணிக்கணக்காகச் சுடும் விளையாட்டு ஆடுவதை அம்மாவிடம் நியாயப்படுத்த இந்த ஆய்வைக் காட்டுபவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

தயாரிப்பின் பெரும் பலன் வேறிடத்தில் இருக்கிறது. முதல்முறை எழுதுபவர், அறிவுறுத்தலைப் புரிந்துகொள்வதிலும், பெடலை அழுத்தினால் புள்ளி எந்தப் பக்கம் போகும் என்று கண்டுபிடிப்பதிலும் முதல் சில நிமிடங்களை இழக்கிறார். அதை மீட்பதற்குச் சாதாரண ஜாய்ஸ்டிக்கும், ஒரு பெடலும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி மென்பொருளும் போதும். அதற்கு மேல் மாதக்கணக்கில் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இராணுவத் தேர்வுக்கு விளம்பரப் பலகை வைத்துப் பயிற்சி தருபவர்கள் நேர்முகத்துக்கும் குழுப்பணிக்கும் உதவலாம். சி.பி.எஸ்.எஸ்.ஸுக்கு உறுதி தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடலாம். தேர்வுக்கு முந்தின இரவு நன்றாகத் தூங்குவதும், கண்ணாடி போட்டவர் அதைச் சமீபத்தில் பரிசோதித்திருப்பதும் அதைவிடப் பலன் தரும்.

பயணிகள் விமானத்துக்குப் போகிறவர்களின் நிலை தலைகீழ். வணிக விமானி உரிமத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கேட்பவை பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, வானிலை, வழிகாணல், விதிமுறைகள் முதலிய தாள்களில் தேர்ச்சி, 200 மணி நேரப் பறத்தல். திறனறித் தேர்வு இந்தப் பட்டியலில் இல்லை. அமேதி மாவட்டத்து ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசு நிறுவனமான இந்திரா காந்தி உரான் அகாதெமி அதை நடத்துகிறது. விமான நிறுவனங்களின் கேடட் திட்டங்களும் நடத்துகின்றன. மற்றபடி பல தனியார் பள்ளிகளில் சேரப் பணம் இருந்தால் போதும். மொத்தச் செலவு அரைக் கோடியைத் தாண்டும் படிப்பு இது. அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் ஃபிளாட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பறக்க அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். படை தன் பணத்தைக் காப்பாற்றத் தேர்வு வைக்கிறது. குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்ற யாரும் தேர்வு வைப்பதில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு சில ஆயிரம் ரூபாய் செலவில் ஒரு திறனறித் தேர்வும், டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் பரிசோதனையும் முடித்துக்கொள்வது நல்லது. நிறக்குருடு இருப்பது முதல் பறத்தலுக்குப் பிறகு தெரியவந்த கதைகள் உண்டு.

தேர்வில் கிடைக்கும் மறுப்பையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். டேவிட் ஹன்டரும் யூஜின் பர்க்கும் 1940 முதல் 1990 வரை வெளிவந்த 68 ஆய்வுகளை 1994-இல் திரட்டியபோது, தனித்தனித் தேர்வுகளில் நல்லவற்றின் ஒட்டுறவே 0.3 அளவில்தான் இருந்தது. உண்மையான விமான வேலையை ஒத்த மாதிரிப் பணிகள் முன்னணியில். கைத்திறனும் இயந்திர அறிவும் அடுத்து. ஆளுமைக் கேள்வித்தாள்கள் கடைசி வரிசையில். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த எண்கள் இறங்குவதும் தெரிந்தது. ஒரு காரணம், சல்லடை ஏற்கெனவே இறுகிவிட்டது. இன்னொரு காரணம், காக்பிட்டே மாறிவிட்டது.

பழைய தேர்வுகள் முள்ளையும் கைப்பிடியையும் மையமாக வைத்தவை. அந்த முட்களிலேயே குறை இருந்தது என்பதை 1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் காட்டினார்கள்: மூன்று முள் உயரமானியை விமானிகள் ஆயிரக்கணக்கான அடிகள் தவறாகப் படித்தது அவர்கள் மந்தமாக இருந்ததால் அல்ல, முகப்பை அப்படி வடிவமைத்திருந்ததால். கருவி திருந்தியதும் அதைப் படிக்கத் தேவைப்பட்ட அபூர்வத் திறமைக்கும் மதிப்பு குறைந்தது. இன்று நெடுந்தூர விமானத்தில் மேலேறிய சில நிமிடங்களில் தானியங்கி பொறுப்பேற்கிறது. விமானியின் வேலை பெரும்பகுதி பார்த்துக்கொண்டிருப்பது. நார்மன் மேக்வொர்த் 1948-இல் ரேடார் பார்ப்பவர்களுக்காக ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் படிப்படியாக நகரும், எப்போதாவது இரட்டைப் படி தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் தவறவிடத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்து லண்டன் போகும் விமானம் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது. ஏழாவது மணியில், எதுவும் நடக்காத காக்பிட்டில், ஒரு எண் மெல்ல மாறுவதைக் கவனிப்பவர் யார் என்று பதினெட்டு வயதில் ஒரு முற்பகலுக்குள் அளந்து சொல்லும் கருவியைத் தேர்வுக்காரர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.